எமில்டாவின் தசை நாள்

தசைக்குக் கொடுக்காமல் எமில்டா கோப்பி குடிப்பதில்லை. மற்ற நாட்களில் காலையில் இரண்டு கோப்பை உள்ளே போனால்தான் அவருக்குக் கண் திறக்கும். சோதனை நாளில் மட்டும் ஆஸ்பத்திரியின் கீழ்மாடியில் இருக்கும் கோப்பிக் கடையை மூச்சை அடக்கிக்கொண்டு கடந்து போவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "பின்னேரம் நான் அவருக்குக் கஃபெயின் குடுக்கப்போறன். அவர் குடிக்க முதல் நான் குடிச்சால் நீதியில்லை." அவர் என்பது ஒரு தசைத் துண்டு. ஈர்க்கிலும் கொஞ்சம் தடித்தது, சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். அன்று காலை வரை அது யாரோ ஒருவருடைய தொடையில் இருந்தது.

ரொறன்ரோவின் பெரிய ஆஸ்பத்திரிகள் வரிசையாக நிற்கும் வீதியில், ஒரு கட்டடத்தின் பழைய பக்கத்தில் அவருடைய அறை இருக்கிறது. கதவில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒட்டியிருக்கிறது. எமில்டா அதைக் குசினி என்பார். மில்லிக்கனில் வீட்டைவிட்டு இறங்கும்போது கணவர் மரியரட்ணத்திடம் "குசினிக்குப் போட்டு வாறன்" என்று சொன்னால், அன்றைக்கு வீட்டுச் சமையல் மரியரட்ணத்தின் தலையில் என்று அர்த்தம். "உப்பு நிறுக்கிறன், சீனி நிறுக்கிறன், தண்ணி சூடாக்கிறன். உதுக்குக் குசினி எண்டு சொல்லாமல் வேறென்னண்டு சொல்லுறது?" என்பது அவருடைய வாதம். அந்த மனுசன் எதிர்வாதம் செய்வதில்லை. "தசை நாளில நானும் ஒரு தசைதான். ஆடாமல் அசையாமல் இருக்கோணும்" என்று பூசை முடிந்து வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

உடம்பின் சூட்டுக்குச் சூடாக்கிய உப்புத் தண்ணீர் கண்ணாடிக் குழாய்களில் நிற்கும். அதற்குள் பிராணவாயு குமிழ் குமிழாக ஏறிக்கொண்டிருக்கும். தசைத் துண்டின் இரண்டு நுனியிலும் பட்டு நூலால் முடிச்சுப் போட்டு, ஒரு நுனியைக் கீழேயும் மற்ற நுனியை இழுவையை அளக்கும் கருவியிலும் கட்டித் தொங்கவிடுவார் எமில்டா. மின்சாரத்தால் மெல்லத் தட்டினால் துண்டு துடிக்கும். துடிப்பு திரையில் ஒரு சின்ன முள்ளாக எழுந்து விழும். உடம்பைவிட்டு வந்த பிறகும் சில மணி நேரம் தசை உயிரோடுதான் இருக்கும். அதற்குள் அதனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

தொங்கவிட்ட புதிதில் எந்தத் தசையும் முறுகிக்கொண்டு நிற்கும். வெட்டின கோபம் என்பார் அவர். பயிற்சிக்கு வருகிற இளம் ஆட்கள் அவசரப்பட்டு அதை இழுத்து நேராக்கப் பார்ப்பார்கள். எமில்டாவின் கை குறுக்கே வரும். முதலில் ஆங்கிலத்தில் தடுப்பார். ஆங்கிலம் போதாதென்று தோன்றினால் தமிழிலும் ஒருமுறை சொல்வார். "இழுக்காதேங்கோ. இழுத்தால் செத்துப்போகும். பேசாமல் பக்கத்தில இருங்கோ, தானா இளகும்." தமிழ் தெரியாதவர்களும் அந்த இரண்டாவது தடவையில் கையை எடுத்துவிடுவார்கள்.

ஒரே ஆளின் தொடையிலிருந்து வந்தாலும் துண்டுகள் ஒரே குணமாய் இருப்பதில்லை. தட்டியதும் நன்றாகத் துடிப்பவர் பெரியவர். பயந்து பயந்து துடிப்பவர் சின்னவர். தட்டினாலும் கேட்காத மாதிரித் தொங்கிக்கொண்டு நேரம் கடத்துகிறவருக்குப் பெயர் கள்ளன். "எங்க கள்ளன், ஒருக்கால் துடிச்சுக் காட்டு பாப்பம்" என்று எமில்டா குழாயோடு பேசுவதைப் பக்கத்து அறை வெள்ளைக்காரர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். அவர் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. ஜெபம் என்றால் கதவைத் தட்டாமல் போவார்கள்.

சோதனை எதற்கு என்று கேட்டால் பகிடி நின்றுவிடும். சில குடும்பங்களில் தசைக்குள் ஒரு குறை தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. நடக்கலாம், ஓடலாம், பந்தடிக்கலாம், ஒன்றும் வெளியே தெரியாது. என்றைக்காவது ஒரு சத்திரசிகிச்சைக்காக மயக்க வாயுவைச் சுவாசித்ததும் உடம்பிலுள்ள தசையெல்லாம் ஒன்றாக இறுகி, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். என்னவென்று உடனே கண்டுபிடித்து மாற்று மருந்து கொடுக்காவிட்டால் ஆள் தப்புவது கடினம். யாரிடம் அந்தக் குறை இருக்கிறதென்று முன்கூட்டியே அறிய, ஆளை விட்டுவிட்டு அவருடைய தசையை மயக்கிப் பார்ப்பதுதான் எமில்டாவின் வேலை. ஒரு துண்டுக்கு ஹலோதேன் என்ற மயக்க வாயு, இன்னொன்றுக்குக் கஃபெயின். நல்ல தசை என்றால் திரையில் கோடு படுத்தே கிடக்கும். குறையுள்ள தசை என்றால் கோடு ஏறும். வெட்டிய தசை பயணம் தாங்காது என்பதால் எங்கெங்கோ இருந்து சனம் தங்கள் தொடையையும் கொண்டு இங்கேதான் வர வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் வந்தால் மயக்க மருத்துவர் அபர்ணா விளக்கம் சொல்லும் பொறுப்பை எமில்டாவிடம் தள்ளிவிடுவார். அபர்ணா மதுரைக்காரர். "நான் பேசினா டிவி பாக்கிற மாதிரி என் வாயையே பாத்துட்டு இருக்காங்க, எமில்டாக்கா. ஒரு வார்த்தை உள்ள போகல. நீங்களே சொல்லிடுங்க." எமில்டா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குவார்.

"கல்சியம் எலும்பில மட்டும் எண்டு நினையாதேங்கோ. ஒவ்வொரு தசைக்குள்ளயும் கல்சியத்தைப் பூட்டி வைக்கிற சின்னச் சின்ன அறையள் இருக்கு. நரம்பு வந்து சொன்னால் அறைக் கதவு திறக்கும். கல்சியம் வெளியில வரும், தசை இறுகும். பிறகு கல்சியத்தைத் திருப்பி உள்ளுக்கை இறைச்சுப்போட்டுக் கதவைச் சாத்தினால் தசை இளகும். இப்ப கையைப் பொத்தி விரிச்சுப் பாருங்கோ, அதுக்குள்ள உவ்வளவும் நடந்து முடிஞ்சுது. சில பேருக்கு அந்தக் கதவின்ர கொளுக்கி லூஸ். மயக்கிற காஸ் போய்த் தட்டினால் திறந்தபடியே நிண்டிடும். இருக்கிற கல்சியம் எல்லாம் ஓடி வந்திடும். இறுகின தசை பிறகு இளகாது." தன்னுடைய கையைப் பொத்தி, விரிக்காமல் அப்படியே அவர்கள் முகத்துக்கு முன்னால் பிடிப்பார். "கதவைச் சாத்திற மருந்தும் இருக்கு. ஆருக்குக் கொளுக்கி லூஸ் எண்டு முதலே தெரிஞ்சால், வேற மாதிரி மயக்கலாம், அந்த மருந்தையும் கையில வைச்சுக்கொண்டு நிக்கலாம். அவ்வளவுதான் விசயம்."

இதோடு முடிந்திருந்த விளக்கத்துக்கு ஒரு வால் பிறகு முளைத்தது. மார்க்கம் நகரத்திலிருந்து வந்த அமிர்தநாதர் என்ற பெரியவர், கல்சியம்தான் கொலைகாரன் என்று விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாலை நிறுத்தினார். தயிரை நிறுத்தினார். எலும்போடு கடிக்கிறது என்று நெத்தலியையும் நிறுத்தினார். பாவம், அவருடைய மனைவியும் வெறுந்தேத்தண்ணியோடு கிடந்தார். சோதனைக்குத் திரும்பி வந்தபோது மனுசன் அரை ஆளாகிவிட்டிருந்தார், தசையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து எமில்டா கதிரையைவிட்டு எழும்பும்போது மறக்காமல் சொல்வார். "பாலை விடாதேங்கோ. உது வேற, அது வேற."

பயப்படாதேங்கோ என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. "அப்பிடிச் சொன்னவுடன ஆரும் பயப்படாமல் விட்டிருக்கினமோ?" என்பார். தசைக்கு முன்னால் நேர்த்தி வைக்கக் கூடாது என்பதும் அவருடைய சட்டம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுசி, குசினிக்குள் மட்டும் கடவுளிடம் ஒன்றும் கேட்பதில்லை. "கோடு ஏறக் கூடாது எண்டு மன்றாடிக்கொண்டு பாத்தால், ஏறுற கோடும் கண்ணுக்குப் படுத்துத்தான் கிடக்கும்." முடிவு சொல்லும் வேலை மருத்துவருடையது. தசை ஓய்ந்ததும் எமில்டா குழாய்களைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கித் தன்னுடைய கோப்பியைக் குடித்து வீட்டுக்குப் போய்விடுவார். சோதித்த பிறகு ஆளை அவர் பார்ப்பதில்லை.

குடும்ப வரலாறு கேட்கும்போதுதான் மனுசியின் பிடிவாதம் முழுதாகத் தெரியும். உறவுக்குள் யார் யார் எப்படி இறந்தார்கள் என்பது இந்த நோய்க்கு முக்கியமான கேள்வி. வேறு சனம் மாமாவுக்கு மாரடைப்பு, பாட்டனுக்குப் புற்றுநோய் என்று சொல்லிக்கொண்டு போகும். எங்கள் ஈழத்து ஆட்களிடம் கேட்டால் பாதிப் பேருக்கு ஒரே சொல்தான் வரும். சண்டையில. அந்தச் சொல் விழுந்ததும் கேட்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். எமில்டா போகமாட்டார். "சண்டையில எண்டால் எப்பிடி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். சண்டைக் காலத்தில் காய்ச்சலில் செத்தவரும் உண்டு, பாம்பு கடித்தவரும் உண்டு, பிள்ளைப்பேற்றில் போனவளும் உண்டு. எல்லாவற்றையும் சண்டை தன் பெயரில் எடுத்துக்கொண்டது என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரை மாதம் அன்ரனெற்றிடமும் அப்படித்தான் கேட்டார். அன்ரனெற் மிசிசாகாவிலிருந்து வந்தவள். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. நாற்பதுக்குக் கிட்டிய வயது. மகள் ஸ்டெபனி சின்னப் பிள்ளை. அவளுக்குத் தொண்டையில் ஒரு சின்ன ஒப்பரேசன் செய்வதற்காக மயக்கியபோது தாடை விறைத்துவிட்டது. டொக்ரர்மார் உடனே நிறுத்தினார்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வயதுப் பிள்ளையின் தொடையில் இந்தச் சோதனைக்காக வெட்டமாட்டார்கள் என்பதால் தாயை அனுப்பியிருந்தார்கள். வெளியே அதே வீதியின் கீழ்ப்புறத்தில், அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால், வன்னியில் சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் இரவு பகலாய் நின்ற நாட்கள் அவை. அன்ரனெற்றும் அங்கே நின்று கத்தித் தொண்டை கட்டிப்போய்த்தான் வந்திருந்தாள்.

"சகோதரங்கள் இருக்கினமோ?"

"ஒரு தம்பி. சீமோன். சண்டையில செத்தவன்."

"சண்டையில எண்டால் எப்பிடிப் பிள்ளை?"

"ஷெல் பட்டது."

"எந்த இடத்தில?"

அன்ரனெற் தன்னுடைய முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். எமில்டா பேனையை மூடி வைத்தார்.

"கையில பட்ட காயத்துக்கு ஆரும் சாகிறேல்லையே."

பிறகு சொன்ன கதையை அவள் புருசன் அன்புராசாவுக்கும் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஊரில் நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். மீசை அரும்பாத பொடியன் கைக்குள் இரும்புத் துண்டோடு கிடந்து அழுதான். அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ணி எடுக்கலாம், கொஞ்சம் நோகும் என்றார் டொக்ரர். முழுக்க மயக்கி எடுக்கச் சொல்லி அவர் காலில் விழாத குறையாக மன்றாடியது அக்காக்காரி.

"அவன் சின்னனில இருந்தே நோத் தாங்கமாட்டான் அக்கா. முள்ளுக் குத்தினாலும் என்னட்டைத்தான் ஓடி வருவான். மயக்கி முடியேல்ல, உடம்பு கொதிக்கத் தொடங்கிட்டுது. தொட்டுப் பாத்தனான். பலகை மாதிரி விறைச்சுப்போய்க் கிடந்தான். டொக்ரரும் பாவம், என்ன செய்யிறதெண்டு தெரியாமல் ஈரத்துணி போட்டுக்கொண்டு நிண்டார். வெளியில வந்து ஆக்களுக்கு ஷெல் எண்டு சொன்னம். அது பொய்யில்லைத்தானே?" பிறகு எமில்டாவை நேரே பார்த்துக் கேட்டாள். "மயக்கச் சொன்னது நான். அப்ப நான்தானே அவனைச் சாகப்பண்ணினனான்?"

வேறொருவர் என்றால் சீச்சீ, அப்படி நினைக்கலாமா என்று வாய் நிறையச் சொல்லியிருப்பார். எமில்டாவுக்கும் நெஞ்சு அதற்காகத் துடித்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான். "தெரியாது பிள்ளை. தசையைக் கேப்பம்."

அது கொஞ்சம் கடுமையாக இல்லையா என்று அபர்ணா பிறகு கேட்டார். எமில்டா தலையை ஆட்டினார். "ஆறுதல் எல்லாம் அவ தனக்குத் தானே சொல்லிப் பாத்திருப்பா, டொக்ரர். இனி அவவுக்கு உண்மைதான் வேணும்."

அன்றைக்குக் கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. உங்களுக்கு ஒப்பரேசன் ஏதும் நடந்ததா என்று கேட்டார். ஸ்டெபனியை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள் என்றாள் அன்ரனெற். பிள்ளையின் இதயத் துடிப்பு குறைகிறது, நேரமில்லை, மயக்கப்போகிறோம் என்று சொன்னவர்களோடு சண்டை பிடித்து, முதுகில் ஊசி போட வைத்து, விழித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். பல்லுப் பிடுங்கியதும் அப்படித்தான். "அவன் அப்பிடிப் போனவன். நான் மட்டும் நித்திரை கொண்டு எழும்பலாமோ?" எமில்டா அதைக் கேட்டுக்கொண்டார். தசை சொல்லாததை அவர் சொல்வதில்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது. முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்ன திங்கட்கிழமை இங்கே விக்டோரியா மகாராணியின் பெயரில் விடுமுறை. பொழுதுபட மில்லிக்கன் பூங்காப் பக்கம் வழமைபோலப் பட்டாசும் வாணமும் வெடித்தார்கள். யாரும் யாரையும் நோகடிக்க நினைத்து வெடிக்கவில்லை, வருடா வருடம் வெடிப்பதுதான். மரியரட்ணம் எழும்பிப் போய் ஒவ்வொரு யன்னலாகச் சாத்திவிட்டு வந்தார். எமில்டாவுக்கு அந்த மாதங்களில் வெளியே சொல்ல முடியாத ஒரு கூச்சம் இருந்தது. கோயிலில் பக்கத்து வாங்குப் பலகையில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் வன்னிக்குள் அகப்பட்ட ஒரு தங்கச்சியோ ஒரு மச்சானோ இருந்தார்கள். அவருக்கு அங்கே நெருங்கின சொந்தம் ஒருவரும் இல்லை. யாராவது உங்கட ஆக்கள் எப்பிடி என்று கேட்டால், தப்புச் செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொள்வார்.

அடுத்த நாள் தசை நாள். அபர்ணா காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். "இன்னிக்கு வேணாம்னா தள்ளி வச்சுக்கலாம், எமில்டாக்கா. அவங்களும் வருவாங்களான்னு தெரியல." எமில்டாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருந்தும் உப்பை நிறுத்து, தண்ணீரைச் சூடாக்கி, பிராணவாயுவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்.

அன்ரனெற் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. சப்வேயால் இறங்கித் தூதரகத்தடியால் நடந்து வந்ததாகச் சொன்னாள். இவ்வளவு நாளும் பறைச் சத்தம் கேட்ட இடத்தில் கொஞ்சப் பேர் பேசாமல் நிலத்தில் இருந்தார்களாம். "எல்லாரும் என்னை இண்டைக்குப் போகவேண்டாம் எண்டவை. அங்க அத்தினை சனம் செத்துக் கிடக்கு. ஆர் ஆர் எப்பிடிச் செத்தவை எண்டு இனி ஆர் அக்கா கேக்கப்போகினம்? ஒருத்தன்ர எண்டாலும் தெரியட்டும்." பிறகு எமில்டாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "முடிவை நீங்கள் வந்து சொல்லுங்கோ."

"அது டொக்ரர்தான் சொல்லுவா."

"அவ சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ."

கால் நரம்பை விறைக்கவைத்துத் தசையை எடுத்தார்கள். அன்ரனெற் வழமைபோல விழித்துக்கொண்டு கிடந்தாள். துண்டுகள் குசினிக்கு வந்தன. எமில்டா முடிச்சுப் போட்டார், தொங்கவிட்டார், கோபம் ஆறும் வரை பக்கத்தில் இருந்தார். பெரியவர் துடித்தார், சின்னவர் துடித்தார், கள்ளன் வழமையான கள்ளத்தோடு தொங்கினார். வாயுவைத் திறக்கக் கையை வைத்தபோதுதான் எமில்டா தன்னுடைய சட்டத்தை மீறினார். மடுமாதாவே, கோட்டைப் படுக்க வை என்று கேட்டுவிட்டார். கோடு படுத்துக் கிடந்தால் பிள்ளைக்குத் தாய் வழியால் பயம் இல்லை. சீமோனும் வேறு எதனாலோ போனான் என்றாகும். அவளுக்கு அந்தப் பாரம் இறங்கும்.

திரையில் முட்கள் ஒழுங்காக எழுந்து விழுந்தன. பிறகு முட்களின் அடி மெல்ல நிலத்தைவிட்டுக் கிளம்பியது. எமில்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோடு ஏறிக்கொண்டே போனது. கஃபெயின் போட்டதும், அதுவரை சோம்பிக் கிடந்த கள்ளனும் சுருண்டு இறுகினார். சந்தேகத்துக்கு இடமில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ கோடு ஏறப் பார்த்த எமில்டாவுக்கு, அன்றைக்குக் கதிரையில் இருந்து தசையை ஏச வேண்டும் போலிருந்தது.

அப்படி இருந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சித்திரையில் கேட்டு வைத்தது அவருக்கு முன்னால் வந்து நின்றது. அபர்ணாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "டொக்ரர், பிள்ளை பிறந்த அண்டைக்கு இந்தத் தசையை மயக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

அபர்ணா கோட்டைப் பார்த்தார். அவசரமாய் மயக்கும்போது என்னென்ன கொடுப்பார்கள் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டாங்க, அக்கா. அம்மா தப்பிக்கிறதே பெரிய பாடா இருந்திருக்கும். குழந்தையும்தான்." பிறகு மெதுவாகச் சொன்னார். "இவங்க அன்னிக்குப் பிடிச்ச சண்டைதான் ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கு."

எமில்டா குழாய்களைக் கழுவினார். கீழே இறங்கித் தன்னுடைய கோப்பியை வாங்கினார். குடிக்கத் தோன்றவில்லை. கோப்பையோடு மின்தூக்கியில் ஏறி, வேலைக்குச் சேர்ந்த காலம் தொட்டுப் போகாத வார்டுக்குப் போனார். அபர்ணா முடிவைச் சொல்லி முடித்திருந்தார். ஸ்டெபனிக்கும் இது வந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்வோம், இனி வாயு இல்லாமல் மயக்கிப் பயமில்லாமல் ஒப்பரேசன் செய்யலாம் என்று விளக்கிவிட்டு, எமில்டாவைக் கண்டதும் கதிரையை விட்டுக்கொடுத்து வெளியே போனார். அன்ரனெற் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அப்ப நான்தான்" என்றாள்.

"மயக்க மருந்துதான் பிள்ளை. அதில பொய் சொல்லமாட்டன். அவன்ர தசையிலயும் கொளுக்கி லூஸ், உங்கட தசையிலயும் லூஸ். அண்டைக்கு அது உங்களுக்கும் தெரியாது, அந்த டொக்ரருக்கும் தெரியாது. அவனுக்கு நோகக் கூடாது எண்டு கேட்டியள்."

"அதை நான் எத்தினை தரம் எனக்குச் சொல்லிப் பாத்திட்டன் அக்கா. உதவேல்லை."

"தெரியும். அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்கோ. ஸ்டெபனி பிறக்கேக்க ஏன் முழிச்சுக்கொண்டு கிடந்தனீங்கள்?"

"அதுதான் சொன்னனே. சீமோனுக்காக."

"அண்டைக்கு மயங்கியிருந்தால் உங்கட தசை என்ன செய்திருக்கும் எண்டு நான் இப்பத்தான் பாத்திட்டு வாறன். நீங்கள் இருந்திருக்கமாட்டியள். பிள்ளையும் வந்திருக்காது. உங்களை முழிச்சிருக்க வைச்சவன் அவன்தான், பிள்ளை."

அன்ரனெற் தலையைத் திருப்பினாள். எமில்டாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். தட்டு அடுக்கி உரமேறிய கை, பிடித்தால் இரும்பு. அழுகை வந்தது, சத்தமில்லாமல் உடம்பு குலுங்கியது, பிடி இன்னும் இறுகியது. எமில்டாவின் விரல் நுனிகள் வெளிறிப்போயின. தாதி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணால் போகச் சொன்னார்.

கோப்பையை மற்றக் கையால் மெல்ல நிலத்தில் வைத்தார். பகல் முழுக்கக் குடிக்காத கோப்பி அங்கே ஆறிக்கொண்டிருந்தது. எமில்டா கையை இழுக்கவில்லை. கதிரையைக் கட்டிலோடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அந்தப் பிடி தானாக இளகும் வரை பேசாமல் பக்கத்தில் இருந்தார்.